கைக்கு வராத கோப்பை



பிரமாணிக்கம். நம் கத்தோலிக்க இல்லங்களில் புழங்கும் பழைய சொல் இது. திருமணத்தின்போது பீடத்தின் முன் நின்று மணமக்கள் சொல்லும் சொல். சொன்ன சொல்லுக்கு உண்மையாய் இருப்பது, சேர்ந்த இடத்தை விட்டு விலகாமல் இருப்பது என்று அதற்குப் பொருள். பிரமாணிக்கமாய் இருப்பவருக்குக் கடவுள் எல்லாவற்றையும் தருவார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா? இந்தக் கேள்வியை இன்று ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கையை வைத்துச் சிந்திப்போம்.

கால்பந்து பார்க்காதவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். இரண்டே செய்திகள் தெரிந்தால் போதும். அணியில் பதினொரு பேர். கோல் போடுவதற்கென்று முன்னே சிலர், கோலைத் தடுப்பதற்கென்று பின்னே சிலர். இவர்களுக்கு நடுவே நிற்பவர் நடுக்கள ஆட்டக்காரர். ஆபத்து என்றால் பின்னே ஓட வேண்டும். வாய்ப்பு என்றால் முன்னே ஓட வேண்டும். ஒரு வீட்டில் மூத்த பிள்ளை செய்வது போன்ற வேலை அது. இரண்டாவது செய்தி, அணித்தலைவர் கையில் ஒரு பட்டை கட்டியிருப்பார். அது வெறும் துணிதான். ஆனால் அதன் பாரம் கட்டியவருக்குத்தான் தெரியும்.

நான் சொல்ல வந்த வீரரின் பெயர் ஸ்டீவன் ஜெரார்ட். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரை ஒட்டிய ஹைட்டன் என்ற பகுதியில் வளர்ந்தவர். 1980ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பிறந்தார். கூலி வேலைக்காரர்களும் வேலையில்லாதவர்களும் நிறைந்த குடியிருப்பு அது. அவர் படித்த உயர்நிலைப் பள்ளி, முன்பு லிவர்பூல் பேராயராக இருந்த கர்தினால் ஹீனனின் பெயரைத் தாங்கிய கத்தோலிக்கப் பள்ளி. ஒன்பது வயதில் லிவர்பூல் கழகத்தின் சிறுவர் பயிற்சிக்குச் சேர்ந்தார். தெருவில் பந்து உதைத்த காலத்திலிருந்தே நேசித்த அதே கழகம்.

அவருக்கு ஒன்பது வயது நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்த நகரத்தின் மேல் பேரிடி விழுந்தது. 1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் இடையே கோப்பைக்கான அரையிறுதி ஆட்டம். கம்பி வேலிகளுக்குள் கூட்டம் அளவுக்கு மீறி நெருக்கப்பட்டது. மூச்சுத் திணறியும் நசுங்கியும், பின்னாளில் காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்து, 97 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் மிக இளையவன் பத்து வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன் ஸ்டீவன் ஜெரார்டின் உறவினன்.

மறுநாள் ஞாயிறு மாலை லிவர்பூல் கத்தோலிக்கப் பேராலயத்தில் பேராயர் டெரிக் வோர்லாக் இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பேராலயம் நிரம்பி, வெளியேயும் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். பல ஆண்டுகள் அந்த மக்கள் இரண்டு துயரங்களைச் சுமந்தார்கள். ஒன்று, பிள்ளைகளை இழந்த துயரம். மற்றொன்று, இறந்தவர்கள் மீதே பழி சுமத்தப்பட்ட துயரம். 27 ஆண்டுகள் கழித்து, 2016இல்தான், ரசிகர்கள் மீது குற்றமில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. அதுவரை அந்தக் குடும்பங்கள் ஓயவில்லை.

நேயர்களே, பிரமாணிக்கம் என்பதை அந்த ஊர்ச் சிறுவர்கள் இந்தத் தாய்மாரிடமும் தந்தைமாரிடமும்தான் கற்றார்கள். உறவுக்காரச் சிறுவனின் நினைவே தன்னை ஆட்டக்காரனாக உந்தியது என்று ஜெரார்ட் பின்னாளில் சொன்னார். ஆகவே அந்தச் சிவப்புச் சட்டை அவருக்கு வேலைக்கான சீருடையாக மட்டும் இருக்கவில்லை. அதில் அவர் வீட்டுத் துக்கமும் கலந்திருந்தது.

1998 நவம்பர் 29ஆம் நாள், 18 வயதில், மாற்று ஆட்டக்காரராக முதன்முதலில் லிவர்பூலுக்காகக் களமிறங்கினார். 2003 அக்டோபரில் அணித்தலைவர் ஆனார். அப்போது வயது 23. சொந்த ஊர்ப் பையன், சிறு வயதில் கனவு கண்ட அணிக்கே தலைவன்!

2005 மே 25 இரவு, துருக்கியின் இஸ்தான்புல் நகரில் ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பைக்கான இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் ஏசி மிலான். முதல் நிமிடத்திலேயே ஒரு கோல் விழுந்தது. இடைவேளைக்குள் மூன்று. மூன்றுக்குப் பூஜ்யம் என்றால், பார்ப்பவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகும் கணக்கு. ஆனால் லிவர்பூல் ரசிகர்கள் போகவில்லை. இடைவேளையில் நின்றபடியே பாடினார்கள்.

54ஆவது நிமிடத்தில் ஜெரார்ட் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அதைக் கொண்டாடிக் களிக்க அவர் நிற்கவில்லை. மைய வட்டத்தை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டே, இரு கைகளையும் உயர்த்தி உயர்த்தி மக்களை எழுப்பினார். அடுத்த ஆறு நிமிடங்களில் இன்னும் இரண்டு கோல்கள். ஆட்டம் சமனாயிற்று. கடைசியில் பெனால்டி உதைகளில் லிவர்பூல் வென்றது.

அந்த இரவில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்தக் கோல். என் மனத்தில் நிற்பது வேறொன்று. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், மிலான் அணியில் புதிதாக வந்த வேகமான ஒருவரைத் தடுக்க ஆள் தேவைப்பட்டது. அணித்தலைவர் தம் வழக்கமான இடத்தை விட்டு, வலப்பக்கத் தடுப்பாட்டக்காரராகப் பின்னே போய் நின்றார். களைத்துப்போன கால்களோடு அந்த ஓரத்தில் ஓடி ஓடி மறித்தார். கோல் போட்ட வீரன், இப்போது கோல் விழாமல் காக்கும் காவல்காரன். தலைமை என்பது மேடையில் முன்வரிசை நாற்காலி என்று எண்ணுகிற நம் பங்குகளிலும் சங்கங்களிலும் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டலாம்.

இதுவரை கேட்டால் இனிய கதை. இனிமேல்தான் நம் கேள்விக்கான இடம் வருகிறது.

இஸ்தான்புல் வெற்றிக்குப் பிறகு ஆறு வாரங்கள்கூட முழுதாய் ஆகவில்லை. லண்டனைச் சேர்ந்த செல்சி கழகம் ஜெரார்டை அழைத்தது. செல்வம் கொழித்த கழகம். அந்த ஆண்டு இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்ற கழகம். லிவர்பூலோ 1990க்குப் பிறகு அந்தப் பட்டத்தைப் பார்த்ததே இல்லை. 2005 ஜூலை தொடக்கத்தில், தாம் போக விரும்புவதாக ஜெரார்ட் லிவர்பூல் நிர்வாகத்திடம் தெரிவித்தார். ஆம், போக விரும்பினார்! அவர் பெயர் பொறித்த சட்டையை ரசிகர்கள் சிலர் தெருவில் கொளுத்தினார்கள். மறுநாளே மனம் மாறினார். இருப்பேன் என்றார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரமாணிக்கமானவர்களுக்குச் சோதனையே வராது என்று நாம் நினைக்கிறோம். அதனால் நம் மனம் ஒரு நாள் தடுமாறினால், நாம் ஏற்கெனவே தோற்றுவிட்டோம் என்று சோர்ந்துபோகிறோம். இருபது ஆண்டு மணவாழ்வில் ஒரு நாளும் தடுமாறாதவர் யார்? துறவற வாழ்வில், ஆசிரியப் பணியில், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில், "போய்விடலாமா?" என்று ஓர் இரவாவது புரண்டு படுக்காதவர் யார்? அந்த இரவு வந்ததால் பிரமாணிக்கம் கெட்டுவிடாது. பல வேளைகளில், அந்த இரவு கடந்த பிறகுதான் அது நாமே தேர்ந்துகொண்டதாகிறது. அதற்கு முன்பு அது வெறும் பழக்கமாகக்கூட இருந்திருக்கலாம்.

தங்கியதற்கு உடனே பரிசு கிடைத்தது போலத்தான் இருந்தது. 2006 மே 13, கார்டிஃப் நகரில் கோப்பை இறுதியாட்டம். வெஸ்ட் ஹாம் அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தது. 90 நிமிடங்கள் முடிந்துவிட்டன. கால்கள் பிடித்து இழுக்க, ஓடவே முடியாத நிலையில் இருந்த ஜெரார்ட், ஏறத்தாழ 30 மீட்டருக்கும் அப்பாலிருந்து உதைத்த பந்து வலைக்குள் பாய்ந்தது. பிறகு பெனால்டியில் வெற்றி.

ஆனால் அவர் மனம் ஏங்கியது வேறொன்றுக்கு. லீக் பட்டம். ஒரு பருவம் முழுவதும் 38 ஆட்டங்கள் ஆடி, மொத்தப் புள்ளிகளில் முதலிடம் பெறும் பட்டம். ஆண்டுகள் ஓடின. அவர் போகாத அந்தச் செல்சி, அடுத்த பத்து ஆண்டுகளில் மூன்று முறை அதை வென்றது: 2006, 2010, 2015. ஜெரார்டுக்கு ஒரு முறையும் கிடைக்கவில்லை. நேயர்களே, இதுதான் அவர் கொடுத்த விலை. எண்ணிப் பார்க்கக்கூடிய விலை.

2014இல் அது கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அவருக்கு வயது 33. தொடர்ந்து 11 ஆட்டங்களில் வெற்றி. ஏப்ரல் 13ஆம் நாள் மான்செஸ்டர் சிட்டியை வென்றபோது, ஹில்ஸ்பரோ துயரத்தின் 25ஆம் ஆண்டு நினைவுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் ஜெரார்ட் கண்ணீர் விட்டார். தோழர்களை வட்டமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இது இனி நம் கையைவிட்டு நழுவக் கூடாது என்று உருக்கமாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 27, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ஆட்டம். வந்திருந்த அணி எது தெரியுமா? அதே செல்சி. முதல் பாதி முடியும் தறுவாயில், சக வீரர் தள்ளிய சாதாரணமான ஒரு பந்து ஜெரார்டின் காலுக்கடியில் நழுவியது. அதைப் பிடிக்கத் திரும்பியவர் சறுக்கி விழுந்தார். செல்சியின் டெம்பா பா பந்தை எடுத்துக்கொண்டு தனியே ஓடி கோல் போட்டார். நழுவக் கூடாது என்று சொன்னவரே நழுவி விழுந்தார்!

இரண்டாம் பாதி முழுவதும் அவர் தொலைவிலிருந்து மீண்டும் மீண்டும் கோலை நோக்கி உதைத்துக்கொண்டே இருந்தார். உடைத்ததைத் தாமே ஒட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அது. ஒட்டவில்லை. ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று போயிற்று. பருவ முடிவில் மான்செஸ்டர் சிட்டிக்கு 86 புள்ளிகள், லிவர்பூலுக்கு 84. அந்த அணியில் யாரைவிடவும் அதிகம் உழைத்தவர், யாரைவிடவும் அதிகம் ஆசைப்பட்டவர், அவரே விழுந்தார். எதிரணி ரசிகர்கள் அந்தச் சறுக்கலைப் பாட்டாகவே கட்டிப் பாடினார்கள். ஊர் ஊராக, மைதானம் மைதானமாக, அவர் அதைக் கேட்டுக்கொண்டே ஆடினார்.

இவரைப் புனிதராக்க நான் வரவில்லை. மறு ஆண்டு மார்ச் மாதம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 38 நொடிகளில் எதிராளியை மிதித்துச் சிவப்பு அட்டை வாங்கியவரும் இவரே. பிறகு மன்னிப்புக் கேட்டார். 2015 மே 16ஆம் நாள், ஆன்ஃபீல்டில் கடைசி ஆட்டம். மூன்று மகள்களையும் அழைத்துக்கொண்டு களத்திற்குள் வந்தார். அந்த ஆட்டத்திலும் தோல்வி. 17 பருவங்கள், 710 ஆட்டங்கள், 186 கோல்கள். பல கோப்பைகள். அந்த ஒன்று மட்டும் இல்லை.

நேயர்களே, இந்த இடத்தில் எனக்கு மோசே நினைவுக்கு வருகிறார். நாற்பது ஆண்டுகள் மக்களைப் பாலைநிலத்தில் நடத்தியவர். அவர்களுடைய முணுமுணுப்பைக் கேட்டவர். அவர்களுக்காகக் கடவுளிடம் மன்றாடியவர். அவரும் ஒரு முறை தவறியவர். கடைசியில் நெபோ மலைமேல் ஏறி நின்று, வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் பார்த்தார். கால் வைக்கவில்லை. அக்கரைக்கு மக்களை அழைத்துச் சென்றவர் யோசுவா.

மோசேயின் நாற்பது ஆண்டுகள் வீண் என்று திருநூல் எங்காவது சொல்கிறதா? இல்லை. நாட்டுக்குள் நுழைந்ததற்காக யோசுவாவை மதிக்கிறோம். நுழையாத மோசேயையோ, கடவுளோடு முகமுகமாய்ப் பேசியவர் என்று நினைவுகூர்கிறோம். பாலைநிலத்தில் நடந்த அந்த நடையே அவருடைய வாழ்வு. நாடு என்பது அந்த நடைக்குக் கொடுத்த கூலி ஆகாது.

லிவர்பூலுக்கும் ஒரு யோசுவா வந்தார். ஜெரார்டுக்குப் பின் அணித்தலைவரானவர் ஜோர்டன் ஹென்டர்சன். ஜெரார்டோடு நான்கு ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவர். 2020 ஜூன் 25 இரவு, லிவர்பூல் 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. அன்றிரவு அந்தப் பட்டத்தை உறுதிசெய்தது எது தெரியுமா? செல்சி, மான்செஸ்டர் சிட்டியைத் தோற்கடித்தது! ஜெரார்டின் கையிலிருந்து எதைத் தட்டிவிட்டதோ, அதே செல்சியின் வெற்றிதான் அவருடைய ஊருக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது. வாழ்க்கை சில வேளை இப்படியும் கணக்குத் தீர்க்கிறது. ஆனால் உரிய ஆள் களத்தில் இல்லாதபோது தீர்க்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பிரமாணிக்கமாய் இருந்தால் எல்லாம் கிடைக்குமா? கிடைக்காது. நேயர்களே, அப்படிக் கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தம்பிகள் வெளிநாடு போய் வீடு கட்டியபோது, படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்ட மகளுக்கு, அந்த ஆண்டுகள் திரும்ப வருவதில்லை. கிராமப் பள்ளியிலேயே பணிசெய்து ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, நகரத்துப் பதவி கிடைக்கவில்லை. மணமான சில ஆண்டுகளிலேயே நோயுற்ற மனைவியை விட்டுவிடாமல் காத்த கணவனுக்கு, மற்றவர்களுடைய மகிழ்ச்சி கிடைக்கவில்லை. "நான் இருந்ததால் என்ன கண்டேன்?" என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியை நாம் மதிக்க வேண்டும். அவசரமாக ஆறுதல் சொல்லி அவர்கள் வாயை மூடிவிடக் கூடாது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். போகிறவர்கள் எல்லாரும் துரோகிகள் அல்லர். பிழைப்புக்காகப் போனவர்கள் உண்டு. அடியும் அவமானமும் மட்டுமே கிடைக்கும் இடத்திலிருந்து விலகிப் போவது கடமையாகவும் இருக்கலாம். நான் பேசுவது, போக வழியிருந்தும் அன்பினால் தங்கியவர்களைப் பற்றி.

அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி உண்டு. விலை கொடுக்காத அன்பை யாரும் அன்பென்று நம்புவதில்லை. ஜெரார்ட் செல்சிக்குப் போய் மூன்று பட்டங்கள் வென்றிருந்தால், பட்டியலில் மூன்று வரிகள் கூடியிருக்கும். அவர் தங்கினார், விழுந்தார், விழுந்த அதே மைதானத்தில் மீண்டும் எழுந்து ஆடினார். அவர் விடைபெற்ற நாளில் ஆன்ஃபீல்டில் கூடியிருந்தவர்கள், அவர் கொண்டுவராத பட்டத்தை நினைத்து அழவில்லை. "இவர் எங்களோடு இருந்தார்" என்பதற்காக அழுதார்கள்.

பின்பு என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவில் சில காலம் ஆடி ஓய்வுபெற்ற பின், 2017 தொடக்கத்தில் லிவர்பூலின் சிறுவர் பயிற்சிக் கூடத்துக்கே பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். ஒன்பது வயதில் மாணவனாய்த் தொடங்கிய அதே கழகத்தில், இப்போது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க. அந்தப் பிள்ளைகளிடம் காட்ட அவரிடம் லீக் பதக்கம் இல்லை. சறுக்கிய பின்பு எப்படி எழுந்து நிற்பது என்று காட்ட மட்டும் அவரைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.

எனவே, இந்த வாரம் உங்கள் வீட்டில், தெருவில், பங்கில், "தங்கியவர்" ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் போங்கள். என்ன சாதித்தாய் என்று கேட்க வேண்டாம். "நீங்கள் இருந்தீர்கள், அது எங்களுக்குப் போதும்" என்று சொல்லுங்கள். ஒருவேளை அந்தத் தங்கியவர் நீங்களாகவே இருந்தால், உங்கள் கை வெறுங்கை என்று எண்ணாதீர்கள். கோப்பையைத் தூக்காத கையை வேறு எத்தனையோ கைகள் பற்றிக்கொண்டிருந்தன. கடவுள் அதைக் கண்டிருக்கிறார்.

இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் பிரமாணிக்கத்தில் நிலைத்திருக்கச் செய்வாராக. ஆமென்.